அனிபாலை எரிக்கும் நாள்

மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவரேதான். அதே தொங்கு மீசை, அதே மூக்குக்கண்ணாடி, போன வாரம் காணாமல் போன அதே பழுப்புச் சட்டை. தன் ஊர்க் கசப்புத் தேநீருக்காக எங்கே போனாலும் அவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற பிளாஸ்க்கைக்கூட விடவில்லை.

தன்னையே பொம்மையாகப் பார்த்த அனிபால் இரண்டடி பின்னுக்கு நகர்ந்தார்.

குவாயாகில் நகரத்தின் அந்த நாற்காலிப் பட்டறைக்கு அவர் மேனேஜராக வந்து பத்து மாதம் ஆகிறது. வருஷக் கடைசி நாளில் இங்கே பொம்மை எரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். பொம்மை எரிப்பது அவருக்கும் புதிதல்ல. அவருடைய நாடான உருகுவேயில், அவர் பிறந்த மான்டெவிடியோ தெருவில், கிறிஸ்துமஸுக்குப் பையன்கள் எரிப்பார்கள். ஆனால் அங்கே எரிகிற பொம்மைக்குப் பெயர் யூதாஸ். முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்த அதே யூதாஸ்.

"நான் யாரைடா காட்டிக்கொடுத்தேன்?" என்று பொம்மையையே கேட்டார். அது மீசையோடு சும்மா இருந்தது.

நேரம் பார்த்தா இது நடக்க வேண்டும்! வருஷக் கடைசி நாளான இன்றோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் இருப்பதா, கிளம்புவதா என்று சாயங்காலத்துக்குள் முதலாளிக்குச் சொல்லியாக வேண்டும். இருப்பதாகத்தான் எண்ணியிருந்தார். மனைவி போன பிறகு மான்டெவிடியோ வீட்டில் பேச ஆளில்லை. இங்கே கத்துவதற்காவது ஆளிருந்தது. அவருக்கு இந்த ஆட்களைப் பிடித்திருந்தது. அதனால்தான் இவ்வளவு வலித்தது.

என்ன பாவம் செய்தோம் என்று யோசித்ததில் பட்டறை ஆட்களின் ரேடியோ நினைவுக்கு வந்தது. சத்தம் தாங்காமல் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். எடுத்துக்கொண்டு போய் பாலிஷ் போடும் நார்சிசாவிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. இனிமே இஷ்டத்துக்குப் போட்டுக்குங்க."

"ஐயோ, இன்ஜினியர் சார்! உங்களுக்குத் தங்கமான மனசு!"

அவர் இன்ஜினியர் இல்லை. அவர் ஊரில் முதலாளியையே பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே சட்டைப்பையில் பேனா இருந்தால் போதும், இன்ஜினியர்தான்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ பொம்மையின் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டியது.

சரி, வயிற்றைக் குளிரவைப்போம் என்று எல்லோருக்கும் மீன் சூப் வாங்கிவரச் சொன்னார். வெங்காயம் தூக்கலாக, வாழைக்காய் வறுவலோடு. ரசித்துக் குடித்தார்கள். பிறகு ஒரு கிண்ணம் நிறைய ஊற்றிப் பொம்மைக்கு முன்னால் படைத்தார்கள்.

"சாகப்போற மனுஷன் பசியோட போகக்கூடாதுல்ல?" என்றார் கணக்கர் ஃபௌஸ்தோ, உருக்கமாக.

மத்தியானம் அனிபால் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ஆளே இல்லாவிட்டால் யார் எரிப்பது?

"இன்னிக்கு அரை நாள்தான்! எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க!"

ஒருத்தரும் நகரவில்லை.

"அப்பாடா! நேரமே இல்லையேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன்," என்று நார்சிசா கத்தரிக்கோலோடு தரையில் சம்மணம் போட்டாள். சற்று நேரத்தில் பொம்மையின் கையில் அட்டையில் செய்த பயணப்பெட்டி ஒன்று முளைத்தது.

அனிபாலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பசை கொட்டினாலும், நாற்காலிக் கால் கோணினாலும் அவர் பாடுவது ஒரே பாட்டுத்தான்: "பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்கே போயிடுவேன்!" போய்த் தொலை என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளிக்குப் போன் போட்டார்.

"நான் கிளம்பறேன். வேற ஆளைப் பார்த்துக்குங்க."

"இன்னிக்குப் போயி யாராவது இதைப் பேசுவாங்களா? ரெண்டாம் தேதி பார்ப்போம். வாழ்த்துகள்!" என்று முதலாளி வைத்துவிட்டார்.

அனிபாலின் ஊரில் கிளம்பறேன் என்றால் கிளம்புவதுதான். பட்டறை மாடியில் இருந்த தன் அறைக்குப் போய்த் துணிமணிகளைப் பெட்டியில் திணித்தார்.

நள்ளிரவில் அவரவர் தெருப் பொம்மை காத்திருக்கும் என்பதால், பட்டறைப் பொம்மையைச் சாயங்காலமே வாசலுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். பெட்டியோடு இறங்கி வந்த அனிபால் படியிலேயே நின்றுவிட்டார். கறுப்புக் கவுனும் உதட்டுச்சாயமுமாக, பொம்மையின் விதவையாகப் பெண்வேஷம் கட்டிய ஃபௌஸ்தோ ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்.

"என் ராசா! என்னைத் தவிக்க விட்டுட்டுப் போறியே! இனிமே என்னை யாரு திட்டுவா?"

மாரில் அடித்துக்கொண்டதில் ஒரு பக்கத்துப் பந்து நழுவித் தெருவில் உருண்டது. அதைத் துரத்திப் பிடித்துப் பழைய இடத்தில் செருகிக்கொண்டு, விதவை உயிலை வாசித்தாள்.

"என் கோபத்தை நார்சிசாவுக்கு எழுதி வைக்கிறேன், மாமியாரைச் சமாளிக்க உதவும். நான் குடிக்கிற கசப்புத் தண்ணியை யாரும் குடிக்கவேணாம், பாவம். என் பெட்டியை மட்டும் ஒருத்தருக்கும் குடுக்காதீங்க, என்னோட சேர்த்தே கொளுத்திடுங்க!"

தெருவே கை தட்டியது. அனிபாலுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வெளி கேட்டுக்குப் போனார். காவல்காரர் செகுந்தோ மண்ணெண்ணெய் டின்னோடு நின்றிருந்தார்.

"ஏன் செகுந்தோ, நான் அவ்வளவு கெட்டவனா? போன்னு சொன்னா போகமாட்டேனா? பெட்டியோட எரிக்கணுமா?"

செகுந்தோ அவர் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த நிஜப் பெட்டியையும் பார்த்தார். டின்னைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியை மெதுவாக வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"என்ன இன்ஜினியர் சார் இது! வருஷத்தோட எது ஒழியணுமோ அதைத்தானே நாங்க எரிப்போம்? போறேன் போறேன்னு சொல்ற அனிபாலை இன்னிக்குக் கொளுத்திட்டா, நீங்க எங்களோடவே இருந்துடுவீங்கல்ல, அதுக்குத்தான்!"