யோகராஜாவின் நாரிப்பிடிப்பும் பாத் நகரத்து ஓய்வும்

இதிலே ஒரு சொல் பொய் என்றால், நாளைக்கு நான் ஏறுகிற பஸ் வெம்பிளிக்குப் போகாமல் வேல்சுக்குப் போகட்டும். வாயிலே மிஞ்சியிருக்கிற நாலு சொந்தப் பல்லும் ஒரே நாளில் கொட்டட்டும். கட்டின பல்லின் மேலும் சத்தியம் செய்வேன். ஆனால் அது அரசாங்கம் தந்த பல்லு, எனக்கு உரிமையில்லை. நடந்தது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, மே மாதம். அத்தனையும் உண்மை.

யோகராஜாவிடம் ஒரு வான் இருந்தது. லண்டனில் ஒரு தமிழனுக்கு வரக்கூடிய வியாதிகளில் மிகப் பொல்லாதது அதுதான். கார் வைத்திருப்பவன் தன் குடும்பத்தை ஏற்றுவான். வான் வைத்திருப்பவன் ஊரையே ஏற்றுவான். கிழமையில் ஐந்து நாள் அவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. மிச்ச இரண்டு நாளும் டூட்டிங்கிலிருந்து அரிசி மூட்டை, ஃபாரஸ்ட் கேட்டுக்கு மணவறை, யாராவது வீடு மாறினால் கட்டில், அவர்களே மனம் மாறினால் அதே கட்டில் திரும்பவும்.

போதாக்குறைக்குப் பழைய மாணவர் சங்கம். யோகராஜா அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. வான் படித்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தலைவர் தில்லையம்பலம் அவரைப் போக்குவரத்துச் செயலாளர் ஆக்கிவிட்டார். மே பதினைந்து சனிக்கிழமை, வெம்பிளியில் கலைவிழா. இருநூறு கதிரை, நாலு பெரிய சோற்றுக் கிடாரம், நெஞ்சளவு உயரத்தில் ஒரு நடராசர். ஏற்றுவது யோகராஜா, இறக்குவது யோகராஜா. பொன்னாடை மட்டும் தில்லையம்பலத்துக்கு.

இந்த நேரத்தில்தான் பெற்றோல் ஸ்டேஷன் கவுண்டரில் அந்த விளம்பரத் தாள் வந்து விழுந்தது. பெற்றோல் அடித்தவர்களுக்குக் கொடுக்கும் பரிசு முத்திரைகளில், வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போனவற்றைப் பன்னிரண்டு அட்டையில் ஒட்டி அனுப்பினால், பாத் என்ற சரித்திரப் புகழ்பெற்ற நகரில் இரண்டு பேருக்கு இரண்டு நாள் ஓய்வு. ரயில், ஹோட்டல், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து. தாளிலே ஒரு படம். ரோமர் கட்டிய குளம், சுற்றிவரத் தூண்கள், ஓரத்தில் ஒரு கதிரையில் காலை நீட்டியபடி வெள்ளைக்காரக் கிழவன் ஒருவன். யோகராஜா குளத்தைப் பார்க்கவில்லை. தூணையும் பார்க்கவில்லை. அந்தக் கதிரையைத்தான் பார்த்தார். அதை அந்தக் கிழவன் தூக்கிக்கொண்டு வந்திருக்கமாட்டான் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

அன்றைக்கே சபதம். கலைவிழா நடக்கிற அதே நாளில், அதே நேரத்தில், பாத் நகரத்தில் காலை நீட்டியிருப்பேன்!

மனைவி தவமலரிடம் சொல்லலாமா? சொல்லலாம். பிபிசியிடமும் சொல்லலாம், என்ன, பிபிசி கொஞ்சம் மெதுவாக அறிவிக்கும். தவமலர் காதில் போட்ட சங்கதிக்குக் கேத்தில் கொதிக்கும் முன்பே டூட்டிங்கிலிருந்து மறுமொழி வந்துவிடும். ஆகவே முத்திரையை ஒளித்துச் சேர்த்தார், ரிக்கற்றை ஒளித்து எடுத்தார், ஒரு திட்டம் போட்டார். புதன்கிழமை நாரி பிடிக்கும், அதாவது இடுப்பு நிமிராது. வியாழக்கிழமை தலைவருக்கு அறிவித்தல். வெள்ளிக்கிழமை காலை, “வெந்நீர் ஊற்று ஊர், நாரிக்கு நல்லது” என்று மனைவியிடம் ரிக்கற்றைக் காட்டி மத்தியான ரயில். ரோமாபுரிச் சேனாதிபதிகள்கூட இவ்வளவு யோசித்து இங்கிலாந்துக்குள் இறங்கவில்லை.

புதன்கிழமை, சொன்ன சொல் தவறாமல் நாரி பிடித்தது.

“ஐயோ, தவம்! நிமிர ஏலாமக் கிடக்கு!”

“எவ்விடத்தில?”

“இடப்பக்கம்.”

தைலத்தோடு வந்த தவமலர் இடப்பக்கத்தை அமுக்கினாள். “இஞ்சையோ?”

“ஆ... ஓம், ஓம்.”

வலப்பக்கத்தை அமுக்கினாள். “இஞ்சை?”

“ஐயோ! அங்கதான் கூட!”

“பாவம்,” என்றாள் தவமலர். “ஆம்பிளையளுக்கு நோ வந்தா வஞ்சகமில்லாம எல்லாப் பக்கமும்தான் வரும்.”

அந்தக் குரலில் அளவுக்கு மீறிய அன்பு இருந்தது. இருபது வருஷம் குடும்பம் நடத்தினவன் அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். யோகராஜா கண்ணை மூடிக்கொண்டு பாத் நகரத்துத் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை தலைவருக்கு ரெலிபோன்.

“நாரியோ? இந்தக் கிழமையோ? தம்பி, கலைவிழா முடிய, ஞாயிற்றுக்கிழமை பிடிக்கட்டுமன்.”

“அது என்னைக் கேட்டே அண்ணை பிடிச்சது?”

“சரி, வானையாவது தா. பாஸ்கரன் ஓட்டுவான். நாளைக்குக் காலமை திறப்பு எடுக்க வாறன்.”

வான் போனால் போகட்டும், ஆள் தப்பினால் சரி. யோகராஜா பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. குசினி. அவர் ரிக்கற்றுகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார்.

“தவம், உமக்குத்தான் இது. ரோமர் குளிச்ச தண்ணி. நாரிக்கு மருந்து மாதிரியாம். மத்தியானம் ரயில்.”

தவமலரின் முகம் பூரித்தது. “எனக்காகவோ? இஞ்சேருங்கோ, நீங்கள் இப்பிடியெல்லாம் யோசிப்பியளெண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை.”

யோகராஜா பாதி பாத் நகரத்துக்குப் போய்விட்டார். அப்போது மணி அடித்தது. தில்லையம்பலம்! வான் சாவியை வாங்கிக்கொண்டு போகாமல், முன்னறைச் சோபாவில் சாய்ந்து, தேத்தண்ணி கேட்டார். யோகராஜா ரிக்கற்றுகளைப் பொத்திக்கொண்டு, கூனிக் குறுகி எதிரே வந்து நின்றார்.

தவமலர் ரெலிபோனை எடுத்தாள். குடும்ப டொக்டர் சேஷாத்ரிக்கு.

“ஹலோ டொக்டர், எங்கட இவருக்கு நாரி. பாத்துக்கு ரயிலில போகலாமோ?”

தில்லையம்பலம் கோப்பையை வைத்தார். “ரயிலோ? ஆர் ரயிலில போறது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை,” என்றார் யோகராஜா.

“இல்லைத் தம்பி, ரயிலில இரண்டு மணித்தியாலம் இருக்க ஏலுமெண்டால், என்ர வானில பத்து நிமிஷம் இருக்க ஏலும்தானே!”

என்ர வான்! திறப்பு கைக்குப் போய் ஐந்து நிமிஷமாகவில்லை. ஆனால் யோகராஜாவுக்குக் கோபப்பட நேரமில்லை. தலைவரின் கண் கூர்மையாகிக்கொண்டு வந்தது.

“இருக்கிறதோ? அண்ணை, என்னால இருக்கவே ஏலாது! நிக்கவும் ஏலாது! படுத்தா மட்டும்தான் உயிர் இருக்கு!”

“கேட்டியளோ டொக்டர்?” என்றாள் தவமலர், ரெலிபோனை அவர் பக்கம் நீட்டியபடி.

உள்ளேயிருந்து சேஷாத்ரியின் கணீரென்ற குரல் முன்னறை முழுக்கக் கேட்டது. “ஆமாம்மா, அப்ப பயணமே கூடாது. கட்டில் மெத்தையும் வேண்டாம். தரையில ஒரு போர்வை போட்டு மல்லாக்கப் படுக்க வைங்க. ரெண்டு நாள் அசையக் கூடாது.”

தில்லையம்பலமே முன்வந்து போர்வையை விரித்தார். சங்கத்துக்காக அவர் கையால் செய்த முதல் வேலை அது.

தரையிலிருந்து யோகராஜா மெல்லச் சொன்னார்: “ரிக்கற்றைத் திருப்பிக் குடுப்பம் தவம்.”

“எடுக்கமாட்டினமாம். பின்பக்கத்தில எழுதியிருக்கு.”

“எப்ப வாசிச்சனீர்?”

“இப்பத்தான்.”

ரிக்கற்றுகள் அப்போதும் யோகராஜாவின் மூடிய கைக்குள்தான் இருந்தன. தவமலர் குனிந்து, ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி அவற்றை எடுத்தாள். “வீணாப் போகக்கூடாது. பக்கத்து வீட்டு றோஸ்மலரைக் கேட்டுப் பாப்பம். திடீரெண்டு கேட்டா அவளுக்கு வசதிப்படுதோ தெரியாது.”

கேட்கப் போனாள். மூன்று நிமிஷத்தில் றோஸ்மலர் வாசலில் நின்றாள். கோட்டு, தொப்பி, சுருட்டிவிட்ட தலைமயிர், கையில் சூட்கேஸ்.

“அண்ணை, அசையாமப் படுங்கோ,” என்றாள். “புட்டு இரண்டு நாளைக்கு அவிச்சு உங்கட பிரிஜ்ஜில வைச்சிருக்கிறன்.”

“எப்ப வைச்சனீர்?”

“நேற்று.”

இரண்டு பெண்களும் தெருமுனை தாண்டும்வரை சிரிப்புச் சத்தம் கேட்டது. எழும்பி ஓடலாம். ஆனால் சோபாவில் தில்லையம்பலம் இரண்டாவது தேத்தண்ணிக்குக் காத்திருந்தார்.

அன்றிரவைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்த யோகராஜா, சனிக்கிழமை காலை தன்னைத் தானே தேற்றினார். பாத் இல்லாவிட்டால் என்ன, காலை நீட்டியாயிற்று, தூக்குவதற்கு ஒன்றுமில்லை, இதுவும் ஓய்வுதான். இந்த ஞானம் மத்தியானம்வரை நீடித்தது. நம்முடைய ஆட்களுக்கு ஒருவன் சந்தோஷமாக இருந்தால் ஏனென்று கேட்கத் தோன்றாது. படுத்துவிட்டான் என்றால் பார்க்காமல் இருக்க முடியாது. இந்தச் சின்ன விஷயத்தை யோகராஜா திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டார்.

கலைவிழா மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான். இடைவேளைக்கு முன் தில்லையம்பலம் ஒலிவாங்கியைப் பிடித்தார். “எங்கள் போக்குவரத்துச் செயலாளர் சங்கத்துக்காக உழைத்து உழைத்து நாரி முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். ஒருக்கால் எட்டிப் பாருங்கோ.”

எட்டிப் பார்த்தார்கள். நூற்றுப்பத்துப் பேர். வந்தவர்கள் தோடம்பழம் கொண்டுவந்தார்கள், முந்திரிகைப்பழம் கொண்டுவந்தார்கள், கொண்டுவந்ததைத் தாங்களே சாப்பிட்டார்கள். பரதநாட்டிய உடுப்போடு வந்த ஆறு பிள்ளைகள், சலங்கையோடு, அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து கடந்து விளையாடினார்கள். கமலாம்பிகை மாமி தலைமாட்டில் இருந்து, இதே மாதிரி நாரி பிடித்துச் செத்துப்போன மூன்று பேரின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். நாட்டு வைத்தியம் தெரிந்த றெஜினோல்ட் அவரைக் குப்புறப் புரட்டி முதுகில் ஏறி நின்றார். அந்த நேரத்தில் நாரி உண்மையாகவே பிடித்தது. ஐயோ என்று கத்தினார் யோகராஜா. நேற்றைய கத்தலை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது என்றார் தில்லையம்பலம், முன்னேற்றம் தெரிகிறதாம்.

இருக்க இடம் போதாமல், வந்தவர்கள் மண்டபத்திலிருந்து கதிரைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். போகும்போது கதிரைகள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணிப் பார்த்தார். முன்னறையில் முப்பத்தொரு கதிரை.

“திங்கட்கிழமை சுகம் வந்தோடன ஏற்றிக் குடுத்தாச் சரி, தம்பி,” என்று தலைவர் ரெலிபோனில் ஆறுதல் சொன்னார்.

ஞாயிறு பின்னேரம் தவமலர் வந்து சேர்ந்தாள். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. கதிரைகளுக்கு நடுவே வழி தேடி வந்து, ஒன்றில் அமர்ந்து, காலை நீட்டினாள்.

“எப்பிடி ஊர்?” என்றார் யோகராஜா, தரையிலிருந்து.

“என்ன சொல்ல? இரண்டு நாளும் ஒரு சனம் என்னோட கதைக்கேல்லை. மணிக்கூட்டைப் பாக்கேல்லை. படுக்கையிலயே தேத்தண்ணி தந்தினம்.”

“குளம்?”

“குளிக்க விடமாட்டினமாம், பாக்க மட்டும்தான். பச்சைப் பசேலெண்டு கிடக்கு. ரோமர் போன பிறகு ஒருத்தரும் தண்ணி மாத்தேல்லைப் போல.”

“தவம்,” என்றார் அவர், “புதன்கிழமை எனக்கு நாரி பிடிக்கவேயில்லையெண்டு உமக்குத் தெரியுமோ?”

தவமலர் கைப்பையைத் திறந்து, யோர்க் நகரத்து விளம்பரத் தாள் ஒன்றை எடுத்து ஆற அமர விரித்தாள்.

“இஞ்சேருங்கோ, அடுத்த முறை உங்களுக்கு எப்ப நோ வருமெண்டு ஒரு மாதத்துக்கு முன்னமே சொல்லிப்போடுங்கோ. றோஸ்மலரும் வேலையில லீவு கேக்கவேணுமெல்லோ.”

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் என் பெயரை மட்டும் வாயில் எடுக்க வேண்டாம். யோகராஜா இப்போதும் வான் வைத்திருக்கிறார். அடுத்த கிழமை நான் வீடு மாறுகிறேன்.