பொள்ளாச்சிச் சம்சாரம்

யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

டிவிக்கு நேர் எதிரே, சோபாவின் நடுவில், சென்னியம்மாள். அவளுக்கு இடப்பக்கம் பக்கத்து வீட்டு மாரியாத்தாள். மடியில் உரிப்பதற்கென்று எடுத்து வந்த சின்ன வெங்காயம், உரிபடாமல். சாப்பாட்டு மேசையில் மகள் லோகப்பிரியா, தன் பள்ளிக்கூடத்துக் கணக்குப் பேப்பர்களைத் திருத்தியபடி. கதவோரம், பிளாஸ்டிக் நாற்காலியில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் காளிச்சாமி.

முதுகைக் காட்டுவது அவருடைய எதிர்ப்பு. ஆனால் அவருக்கு எதிரே சுவரில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் டிவி முழுசாகத் தெரியும்.

'வெற்றிலை மாற்றும் வேளை' ஓடிக்கொண்டிருந்தது. கோயமுத்தூர்க் கதை என்று சொல்லிக்கொண்டார்கள். கதாநாயகிக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை பெயர் மதன். பம்பு கம்பெனியில் வேலை. அன்றைக்கு அந்த மதனுக்கு ஒரு போன் வந்தது. எடுத்துப் பார்த்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மாடிப்படி ஏறிப் போனான். அதோடு தொடரும் போட்டுவிட்டார்கள்.

சென்னியம்மாள் டிவியை அணைத்தாள்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமை அவீங்கள வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

அவீங்க என்றால் சூலூரிலிருந்து வெற்றிலை பாக்கு மாற்ற வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார். லோகப்பிரியாவுக்குப் பேசியிருந்த பையன் பெயர் மதன்குமார். வேலை, பம்பு கம்பெனியில்.

"எதுக்கு புள்ள?"

"பாத்தீங்கல்ல? போன் வந்தா ஊட்டுக்குள்ள நின்னு பேச மாட்டேங்கறான்."

"அது நாடகத்து மதன்."

"பேரும் மதன், வேலையும் பம்பு கம்பெனி. ஒண்ணுமில்லாமயா வெப்பாங்க?"

"அதானுங்க மாமா," என்றாள் மாரியாத்தாள். "நம்ம பையனும் பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் காப்பியப் பாதில வெச்சுப்போட்டு, போனை எடுத்துட்டு வெளிய போனாரில்லீங்க?"

"உள்ள சிக்னல் இல்லீன்னு போனாருங்க," என்றாள் லோகப்பிரியா, தலையைத் தூக்காமல்.

"அது உனக்கெப்படித் தெரியும் அம்மணி?" என்றாள் அம்மா.

லோகப்பிரியா மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டாள். யாரோ ஒரு பையனுக்கு அரை மார்க் கூடுதலாகக் கிடைத்தது.

காளிச்சாமிக்குப் பொறுக்கவில்லை. இதுவரைக்கும் வந்த ஜாதகங்களுக்கெல்லாம் "யோசிக்கலாங்கப்பா" என்று சொன்ன பெண், இந்த ஒன்றுக்குத்தான் "உங்க இஷ்டமுங்கப்பா" என்றிருந்தாள். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும். அதை ஒரு போன் மணி வந்து கெடுப்பதா?

"எவனோ ஒருத்தன் மாடிப்படி ஏறுனதுக்கு எம் புள்ள கல்யாணம் நிக்கோணுமா? இவனுகளக் கேக்க ஆளே இல்லாமப் போச்சு."

கேட்க ஆள் இருந்தது. அவர்தான் அது.

காளிச்சாமிக்குச் சோமனூரில் விசைத்தறிப் பட்டறை. சினிமாப் பைத்தியம் என்று அவரைச் சொல்ல முடியாது. ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தால் காந்திபுரம் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போவார்; வீட்டில் ஓடினால் கண்ணாடியில் பார்ப்பார். அவ்வளவுதான். ஆனால் பார்த்ததில் தப்பு இருந்தால் விடமாட்டார். எழுதிவிடுவார்.

ஒரு படத்தில், தறி ஓடும் பட்டறைக்குள் நின்றுகொண்டு கதாநாயகன் கதாநாயகி காதில் ஏதோ கிசுகிசுத்தான், அவள் வெட்கப்பட்டாள். 'தறி ஓடும்போது பக்கத்தில் வெடி வெடித்தாலே கேட்காது. அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கேட்டது என்று தெரியப்படுத்தவும்' என்று எழுதினார். இன்னொன்றில் பாட்டு ஆரம்பிக்கும்போது விதைத்த சோளம், பாட்டு முடிவதற்குள் அறுவடையாகிவிட்டது. அந்த விதை எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். போனில் மகள் காட்டிய ஒரு தொடரில் எல்லோரும் இருட்டிலேயே நடமாடினார்கள். 'கரண்டு பில்லை நான் கட்டிக்கொள்கிறேன், ஒரு லைட்டைப் போடவும்.' யாரும் பதில் போட்டதில்லை.

இருந்தாலும் முறையை அவர் விடவில்லை. கருமத்தம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி இடப்பக்கம் ஓரம் விட்டு, அனுப்புநர், பெறுநர், தொலைபேசி எண், பொருள், எல்லாம் வரிசையாக எழுதுவார். அன்றைக்கும் எழுதினார்.

'பொருள்: மதனுக்கு வந்த போன் குறித்து. அது யார் என்று உடனடியாகக் காட்டவும். ஒரு குடும்பத்தில் நல்ல காரியம் தடைப்படுகிறது. இப்போக்கை நிறுத்தவும்.'

நாடகத்தின் கடைசியில் 'உங்கள் எண்ணங்களை எழுதி அனுப்புங்கள்' என்று போடுகிற சென்னை முகவரிக்குக் கடிதம் போயிற்று. வெள்ளிக்கிழமையை ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிவைத்துவிட்டு, ஒரு வாரம் பார்த்தார். நாடகத்தில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. அடிக்கும்போதெல்லாம் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் முகத்தையும் மூன்று தரம் காட்டினார்கள். பேசுவது யார் என்று மட்டும் காட்டவில்லை.

"காது குடுக்க மாட்டேங்கறானுகளே," என்றார்.

லோகப்பிரியா கடிதத்தின் நகலை வாங்கிப் படித்தாள். "இப்படி மொட்டையா 'நிறுத்தவும்'னு எழுதுனா யாருங்கப்பா மதிப்பாங்க? தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸாட்ட இருக்குது. நம்மூருக் குசும்போட எழுதுங்க. மரியாதையும் கொறையக் கூடாது, அவீங்களுக்கு உறைக்கவும் உறைக்கோணும்."

அது காளிச்சாமிக்குச் சரியென்று பட்டது. அடுத்த கடிதத்தில் 'உம்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 'ங்க' போட்டார்.

'ஐயா, உங்க நாடகம் ரொம்பப் பிரமாதமுங்க. போன் மட்டும் போதுமுங்களா? அந்த மதனுக்குப் பொள்ளாச்சியில ஒரு சம்சாரம் இருக்கறதா வெச்சுப்போடுங்க. அது ஒண்ணுதான பாக்கி. ஊரே சந்தோஷமா இருக்குமுங்க.'

படித்துக் காட்டினார். லோகப்பிரியா சிரித்தாள். "இதுதானுங்கப்பா. இனி வெக்கப்பட்டுத் திருந்திருவாங்க."

திருந்தவில்லை. சில நாள் கழித்து, நாடகத்து மதன் ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். பஸ்ஸின் நெற்றியில் பொள்ளாச்சி என்று எழுதியிருந்தது. இறங்கியவனை ஒரு பெண் கையில் குழந்தையோடு வரவேற்றாள்.

"பாத்தீங்களா!" என்றாள் சென்னியம்மாள்.

"பாத்தியா!" என்றார் காளிச்சாமி. அவர் குரலில் கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. "நாஞ் சொல்லல? இவனுக புத்தி இப்படித்தான் போகும்னு எனக்குத் தெரியாதா?"

அதற்குள் மாரியாத்தாள் போனை எடுத்துவிட்டாள். அவள் தம்பி பொள்ளாச்சியில் இருந்தான். அவன் விசாரித்துச் சொன்ன தகவல், மதன்குமார் மாதாமாதம் பொள்ளாச்சிக்கு வருகிறான் என்பது.

"பம்பு விக்கறவன் பொள்ளாச்சிக்குப் போகாம பாலைவனத்துக்கா போவான்?" என்று காளிச்சாமி கத்தினார். "அங்க தென்னந்தோப்பு இருக்குது புள்ள, தோப்புக்குத் தண்ணி வேணும், தண்ணிக்குப் பம்பு வேணும்."

"தோப்புக்குத்தான் போறானா, தோப்பு ஊட்டுக்குப் போறானான்னு யாரு கண்டா?"

விசாரித்த செய்தி சூலூருக்கும் போய்ச் சேர்ந்தது. பையனின் அப்பா கண்ணுச்சாமி போன் செய்தார்.

"ஏனுங்க மச்சான், பையனைப் பத்திப் பொள்ளாச்சியில கேட்டீங்களாமா? எதாச்சும் மனசுல இருந்தா எங்ககிட்டயே கேக்கலாமுங்களே."

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க மச்சான். தேங்கா வெலை கேட்டோமுங்க."

போனை வைத்துவிட்டு நேராகப் போய்த் தாளை எடுத்தார். அந்தக் கோபத்திலும் இடப்பக்கம் ஓரம் விட மறக்கவில்லை. கையெழுத்தும் கோணவில்லை.

'ஐயா, பொள்ளாச்சிச் சம்சாரம் ரொம்பப் பொருத்தமுங்க. சாட்சாத் குடும்பப் பாங்கு. மதனோட அம்மா செத்துப்போயி மாலையோட சுவத்துல தொங்குதுங்களே, அதையும் எழுப்பிக் கூட்டியாந்துருங்க. வந்ததும் வராததுமா, "இவன் நான் பெத்த புள்ளையே இல்லை"ன்னு சொல்ல வெச்சுப்போடுங்க. உங்களால முடியாதது என்னங்க இருக்குது?'

அடுத்த வாரமே போட்டோவில் மாலை ஆடியது. கதவு திறந்தது. காற்றடித்தது. செத்துப்போன அம்மா, கலையாத கொண்டையோடும் கசங்காத பட்டுப்புடவையோடும் வந்து நின்று, "இவன் நான் பெத்த பிள்ளையே இல்லை" என்றாள்.

காளிச்சாமி நாற்காலியைத் திருப்பிப்போட்டு நேராகவே டிவியைப் பார்த்தார். "சொன்னேன்ல? வார்த்தை மாறல பாரு! இத்தனை கேவலமாவா ஒருத்தன் யோசிப்பான்?"

சென்னியம்மாள் மாரியாத்தாளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அதுதான் ஆபத்து. மறுநாள் பொழுதோட, வெயில் சாய்ந்ததும், அவளும் மாரியாத்தாளும் சூலூர் பஸ் ஏறிப் போய், பையனின் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து, முறுக்கையும் தின்றுவிட்டு, கடைசியில் கேட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க அண்ணி, பையன் உங்க வயித்துல பொறந்ததுதானுங்களே?"

அன்று இரவு கண்ணுச்சாமியின் குரலில் 'ங்க' குறைந்திருந்தது. "மச்சான், வர்ற மாசம் மொத வெள்ளி. வெத்தல மாத்தறதுன்னா அன்னிக்கு வாரோம். இல்லீன்னா அவினாசியில ஒரு எடம் கேக்கறாங்க."

லோகப்பிரியா அன்றைக்குச் சாப்பிடவில்லை. திருத்திய பேப்பர்களில் அந்த வகுப்பே பெயிலாகியிருந்தது.

காளிச்சாமி மனைவியின் எதிரில் போய் உட்கார்ந்தார். "இங்க பாரு சென்னியம்மா. எனக்கு ஒரு வழி சொல்லு. நீ என்னதான் சொல்றே?"

அவள் யோசித்தாள். நாடகத்தில் அடுத்த மாதத் தொடக்கம் கல்யாண வாரம் என்று விளம்பரம் காட்டியிருந்தார்கள். "செரி. அந்தப் பையன் மேல தப்பில்லீன்னு ஆயி, நாடகத்துல நல்லபடியாத் தாலி கட்டிட்டான்னா, நம்முளதுக்கும் வெத்தல மாத்திக்கலாம். கட்டலீன்னா அவினாசிக்கே போயிக்கட்டும்."

"சத்தியமா?"

"மாரியாத்தா மேல சத்தியம்."

"எம் மேல எதுக்குங்கக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்த மாரியாத்தாள்.

காளிச்சாமிக்கு உயிர் வந்தது. கல்யாண வாரம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். கட்டாமல் எங்கே போவான்? சூலூருக்குப் போன் போட்டு, "வாங்க மச்சான், தாராளமா வாங்க," என்று சொல்லிவிட்டார். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்திருப்பார். ஆனால் அந்த வாரக் கடைசியில், அவர் பழையபடி டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது, கல்யாண வாரத்து முன்னோட்டத்தைப் போட்டார்கள்.

கொங்கு வீட்டுக் கல்யாணம் என்று பெயர். சீர் செய்து நடத்தி வைக்கிற அருமைக்காரரைக் காணோம். அதற்குப் பதிலாக மணப்பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடினார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். மணவறையில் பெண்ணை உட்கார வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் பொண்ணு உக்காரோணும்னுகூடவா தெரியாது? அப்படியே மாத்தி உக்கார வெச்சிருக்கறான் பாரு!"

"அப்பா, நீங்க கண்ணாடியில…" என்று ஆரம்பித்தாள் லோகப்பிரியா.

"குறுக்கால பேசாத அம்மணி. கட்டறது கட்டட்டும். நல்லபடியாக் கட்டி முடிக்கட்டும், எனக்கு அதுதான் வேணும். ஆனா நாலு வார்த்தை கேக்காம உட்டா நானும் மனுசனில்ல."

விடியும்வரை காத்திருந்து எழுதினார். அவர் எழுதியதிலேயே அதுதான் மிக மரியாதையான கடிதம்.

'ஐயா, கல்யாண ஏற்பாடெல்லாம் கண்குளிரப் பார்த்தோமுங்க. அருமைக்காரர் எதுக்குங்க, அதான் நீங்க இருக்கறீங்களே. ஒரே ஒரு கொறைதானுங்க. இத்தனை செஞ்ச நீங்க, தாலி கட்டப் போற நேரத்துல அந்த மதனை மணவறையிலயே வெடி வெச்சுக் கொன்னுபோடுங்க. கல்யாணம் நின்னுபோவட்டும். அப்பத்தான் உங்க நாடகம் முழுமையாகுமுங்க. நல்லா இருங்க. இப்படிக்கு, காளிச்சாமி.'

உறையில் போட்டு, ஓரத்தில் பசை தடவி, கட்டை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் தேய்த்தார். சோமனூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிற கூரியர் கடைக்கு அவரே நடந்து போனார்.

"மறுக்காவும் மெட்ராஸுக்குங்களா மாமா?" என்றாள் கடையில் இருந்த பிந்து.

"ஆமாங் கண்ணு. இதோட முடிஞ்சுது. இனி எழுதறதா இல்ல. ஊட்டுல வெத்தல மாத்தற வேலை இருக்குது."

"நல்ல சேதிங்க மாமா. நேரத்துக்கு வந்தீங்க, வண்டி கெளம்புது." பிந்து உறையில் முத்திரை குத்திப் பைக்குள் போட்டாள். பையன் மூட்டையைக் கட்டி ஏற்றினான். வண்டி புகை விட்டுக்கொண்டு, அவினாசி ரோட்டைப் பார்த்துப் போயிற்று.

காளிச்சாமி அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மனசு லேசாக இருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"காளிச்சாமி சாருங்களா? 'வெற்றிலை மாற்றும் வேளை' கதை இலாகாவிலேருந்து ஜெரோம் பேசறேன் சார். எங்களை மதிச்சு லெட்டர் போடற ஒரே ஆள் நீங்கதான். பொள்ளாச்சிச் சம்சாரம், செத்துப்போன அம்மா எல்லாமே நீங்க ஆசைப்பட்டுக் கேட்ட மாதிரியே செஞ்சு குடுத்துட்டோம், கல்யாண வாரத்துக்கு மட்டும் என்ன செய்யணும்னு இன்னும் லெட்டர் வரலையே, அனுப்பிட்டீங்களா சார்?"