எட்டுக் கொம்புப் பெட்டியும் ஓர் ஆலங்கிளையும்

ஒரு காட்டில், புற்றுமேட்டில் ஏறி நின்றால் மட்டும் செல்போன் சிக்னல் கிடைக்கிற ஒரு காட்டில், செம்பாயி என்றொரு கீரி ஆன்லைன் சென்டர் வைத்திருந்தாள். ஆலமரத்தடியில் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இன்டர்நெட்டுக்கு ஒரே ஒரு லைன். காட்டில் வேறு யாருக்கும் டைப் அடிக்க வராது. மானுக்குக் குளம்பு, யானை கால் வைத்தால் கீபோர்டே இருக்காது, பாம்புக்கு அந்தப் பேச்சே இல்லை. அதனால் கடையில் எப்போதும் கூட்டம்.

சிங்கராஜா எல்லாவற்றையும் ஆன்லைனில் போட்டுவிட்டார். கோடையில் குளம் சுருங்கிவிடும் என்பதால், யார் எந்த நேரத்தில் தண்ணீர் குடிப்பது என்பதற்கும் டோக்கன். வருஷத்தில் ஒரே ஒரு காலைதான் பதிவு. பதிந்தவர்களுக்குத் தெளிந்த தண்ணீர். தவறவிட்டவர்கள், காட்டுப்பன்றிகள் புரண்டு எழுந்து போன பிறகு மிச்சத்தைக் குடிக்க வேண்டும். அது தண்ணீரா குழம்பா என்று குடித்தவர்களாலேயே சொல்ல முடிந்ததில்லை.

போன வருஷம் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே செம்பாயியின் லைன் செத்துப்போனது. மான் கூட்டம் கோடை முழுக்கச் சேறு குடித்தது. மான்கள் சண்டை போடுகிற இனம் இல்லை. கடை வாசலில் வந்து நின்று, அந்தப் பெரிய கண்களால் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும். அதற்குச் சண்டையே தேவலை. இந்த வருஷமும் லைன் கைவிட்டால் கடையை இழுத்து மூடிவிட்டுப் பழையபடி பாம்பு பிடிக்கத்தான் போக வேண்டும். செம்பாயிக்கோ இப்போது மூட்டு வலி. போதாக்குறைக்குப் பாம்பு அவளுடைய நிரந்தர வாடிக்கையாளர்.

ஆகவே இன்னொரு லைன் இழுப்பது, இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்கிற ரௌட்டர் ஒன்றைப் போடுவது என்று முடிவு செய்தாள். செய்தி கேட்டு முதலில் வந்தவன் சம்பு என்ற நரி. கடைக்குப் பின்னால் உள்ள புற்றுமேட்டில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன்.

"அக்கா, ரெண்டு லைன் சொருகுற மாதிரி சின்னப் பெட்டி போதும். ஒண்ணு செத்தா அதுவா இன்னொண்ணுக்கு மாறிக்கும். ஒரு லைன் இப்ப இருக்கிற ஒயரு. இன்னொண்ணுக்கு சிம் போட்டுப் புற்றுமேட்டுல ஆன்டெனா வச்சிடலாம். எத்தனை லைனுங்கிறது பெரிசில்ல. ரெண்டும் ஒரே வழியா வரக்கூடாது, அதுதான் விஷயம்."

செம்பாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். நீதிக்கதைகளை நெட்டுரு போட்டு வளர்ந்தவள் அவள். நரி மேலே கை காட்டினால் கீழே எதையோ எடுக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"இதுல உனக்கு என்ன ஆதாயம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. நானும் அந்தக் குளத்துலதானே குடிக்கணும்."

இந்தப் பதில்தான் அவளுடைய சந்தேகத்தை உறுதியாக்கியது. ஆதாயம் இல்லை என்று ஒரு நரியே சொல்கிறதென்றால், அந்த ஆதாயம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்! யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"எங்க பாட்டனார் திராட்சைக் கொடிக்குக் கீழ நின்னு என்னமோ சொல்லிட்டாராம்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனான் சம்பு. "அன்னிலேருந்து நான் மணி என்னன்னு சொன்னாக்கூட இன்னும் ரெண்டு பேரக் கேட்டுக்கிறாங்க."

அடுத்து முத்துக்குட்டி வந்தான். முயல். வெள்ளை வெளேரென்ற உடம்பு, நடுங்கும் மூக்கு, பார்த்தாலே தூக்கிக் கொஞ்சத் தோன்றும். எந்தக் கதையிலாவது முயல் யாரையாவது ஏமாற்றியிருக்கிறதா? ஏமாற்றியிருந்தாலும் அதைப் புத்திசாலித்தனம் என்றுதானே எழுதியிருப்பார்கள்.

"ரெண்டா? உங்க அந்தஸ்துக்கு ரெண்டு லைனாக்கா?" என்று மூக்கைச் சுளித்தான். "எட்டு போடுங்க. எட்டுக் கம்பெனி, எட்டு ஒயரு. இந்தப் பெட்டியப் பாருங்க, எட்டுக் கொம்பு. ஒண்ணு போனா ஏழு நிக்கும். ஏழும் போயிடுமா என்ன?"

பெட்டி கறுப்பாக, கொம்பு கொம்பாக ஆன்டெனாவும் விளக்குமாகக் கம்பீரமாக இருந்தது. நரி சின்னது போதும் என்றதால் பெரியதுதான் சரி என்று செம்பாயிக்குப் பட்டது. வாங்கிவிட்டாள்.

ஒயர் இழுக்க வந்தவன் கொம்பையா என்ற குரங்கு. எட்டுக் கம்பெனிக்கும் அவன்தான் லைன்மேன். ஆலமரத்தின் எட்டுக் கிளைகளில் தனித்தனியாக இழுக்கலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் தொங்கிய ஒயர்களைப் பார்த்துச் செம்பாயிக்கு இன்னொரு பாடம் ஞாபகம் வந்தது. ஒற்றைக் குச்சியை யாரும் ஒடிக்கலாம், கட்டாகக் கட்டினால் ஒடிக்க முடியாது.

"எட்டையும் ஒண்ணாச் சேத்து இறுக்கிக் கட்டுங்கண்ணே," என்றாள்.

"எல்லாத்தையும் இந்த ஒரே கிளையிலயா தாயி?"

"பின்ன? ஒத்துமைன்னா அதுதானே!"

குரங்குக்கு ஏழு கிளை ஏறுகிற வேலை மிச்சம். மறுபேச்சுப் பேசாமல் கட்டிவிட்டு இறங்கினான். அந்த வழியாகப் போன நரி அந்தக் கட்டைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். தான் ஏதாவது சொன்னால் ஒன்பதாவதாக ஓர் ஒயரையும் அதே கிளையில் கட்டிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

பதிவு நாள் வந்தது. விடிவதற்குள் கடை வாசலில் வரிசை நீண்டுவிட்டது. எட்டு விளக்கும் பச்சையாக எரிந்தன. "எட்டு லைனாமே!" என்று மான்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. போன வருஷத்துப் பார்வை அந்தக் கண்களில் இல்லை. செம்பாயிக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

வரிசையில் நின்றவர்களில் யானைப் பெரியவரும் ஒருவர். அவருக்கு நின்று பழக்கம் இல்லை. நின்றால் முதுகு அரிக்கும், அரித்தால் எதிலாவது உரசியாக வேண்டும். பக்கத்தில் ஆலமரம் இருந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக ஓர் உரசு உரசினார்.

கிளை முறிந்தது. எட்டு ஒயரும் ஒற்றுமையாக அறுந்தன. எட்டு விளக்கும் சிவப்பாயின. அப்போதுதான் பதிவுத் தளம் திறந்தது.

செம்பாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முத்துக்குட்டியைக் கூப்பிட்டாள். அவன் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே நினைச்சேன்கா, ஒன்பதாப் போட்டிருக்கணும்," என்றான்.

வெளியே மான்கள் அமைதியாகிவிட்டன. போன வருஷத்துப் பார்வை அந்தக் கண்களுக்குத் திரும்பிவிட்டது. அப்போது பின்பக்க ஜன்னலில் ஒரு மூக்கு தெரிந்தது.

"அக்கா, என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தரேன். நான் புற்றுமேட்டுல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீங்க அடிங்க."

"ஐயோ, மெதுவாப் பேசுடா! நரி நெட்டுல பதியுதுன்னு தெரிஞ்சா டோக்கனே வேணாம்னு ஓடிருவாங்க. பாஸ்வேர்டு என்ன?"

"திராட்சை இனிக்கும். நடுவுல இடம் விடாம அடிங்க," என்றான் சம்பு. "கடைசில என் பேரையும் போட்டுடுங்கக்கா. சார்ஜ் கம்மியாத்தான் இருக்கு."

"போடுறேன், போடுறேன்."

செம்பாயியின் விரல்கள் பறந்தன. மான்கள் முடிந்தன. பாம்பு முடிந்தது. யானைப் பெரியவர், மயில், குரங்குக் குடும்பம் எல்லாம் முடிந்தது. வெளியே இரண்டு காலில் நின்றபடி போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த நரிக்குத் தொடை நடுங்கியது. இனி அவன் பெயர்தான் பாக்கி. முதல் எழுத்தில் விரலையும் வைத்துவிட்டாள்.

"அக்கா, என் மாமியார் வீட்டாளுங்க விட்டுப்போச்சு," என்று தோளருகே வந்து நின்றான் முத்துக்குட்டி.

அவன் பக்கத்தில் நிற்கும்போது நரியின் பெயரை எப்படி அடிப்பது? முயலின் மாமியார் வீட்டைப் பதிய ஆரம்பித்தாள். முயல் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமா? மச்சான்கள், மச்சினிகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஊர்வலமாக வந்தன பெயர்கள். கடைசிக் குட்டியின் பெயர் ஏறியதும் நரியின் போன் அணைந்தது.

வாசலில் ஒரே ஆரவாரம். "எட்டுக் கொம்புப் பெட்டி வாழ்க!" என்று யாரோ கத்தினார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று செம்பாயி எழுந்தாள். மான்கள் முதல்முறையாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"கிளை எப்படி ஒடிஞ்சுது?" என்று மயில் கேட்டது. பெரியவர் உரசியதை மற்ற எல்லோரும் பார்த்திருந்தார்கள். பெரியவரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"மரத்துப் பக்கம் நரி போனத நான் பார்த்தேன்," என்றான் முத்துக்குட்டி.

அதற்குமேல் விசாரணை தேவைப்படவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் முயலிடம் வீட்டுக்கு வீடு எட்டுக் கொம்புப் பெட்டி ஆர்டர் ஆனது. சிங்கராஜா பன்னிரண்டு கொம்பு கேட்டிருப்பதாகப் பேச்சு.

கோடை வந்தது. காட்டுப்பன்றிகள் புரண்டு எழுந்து போன பிறகு, குளக்கரையில் தனியாக நின்று சேற்றை நக்கினான் சம்பு. தூரத்திலிருந்து அதைப் பார்த்த செம்பாயிக்கு வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் தன் பங்கிலிருந்து ஒரு சுரைக்குடுக்கையில் தெளிந்த தண்ணீர் எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் புற்றுமேட்டில் ஏறினாள்.

நரி குடுக்கையைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தான்.

"எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லணும்னுதான் இருக்கேன் சம்பு. நேரம் வரட்டும்."

"பரவால்லக்கா."

"உன் பெட்டியத்தான் வாங்கியிருக்கணும்."

"பரவால்லக்கா."

செம்பாயி இறங்கப் போனாள். இரண்டடி வைத்தவள் திரும்பினாள்.

"அது கிடக்கட்டும், அந்தப் பாஸ்வேர்ட மாத்திடலியே?"

"இல்லக்கா," என்றான் சம்பு.

"மாத்திடாத," என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இறங்கிப் போனாள்.

நீதி: நரியை ஒருபோதும் நம்பாதே. அதன் பாஸ்வேர்டை ஒருபோதும் மறக்காதே.