ரப்பர் பட்டை டீச்சர் விஷயமாக

பெட்சபுரி,
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய லமோம் அக்காவுக்கு, தங்கை லம்யோங் கைகூப்பி எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய காய்ந்த கணவாய் வந்து சேர்ந்தது. பொட்டலத்தின் ஒரு மூலை பிரிந்திருந்ததால் தபால்காரரை வாசலிலேயே நிறுத்திவைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். நீ சீட்டில் எழுதியபடி சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த ஆளின் முழி எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே மழை இல்லை, எனக்குக் கழுத்து வலி உண்டு, மற்றபடி புத்தர் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். அத்தானின் இருமல் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாம் பலகைச் சுவர், நான் பேசினால் பக்கத்து வீட்டில் குழம்பு கொதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை அத்தானிடம் கொடு. எங்கள் நாட்டியப் பள்ளியின் நிர்வாகத் தலைவரும் அத்தானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பின்மணி என்கிற புது டீச்சரை அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். அந்தச் சனிக்கிழமைதான் குரு வணக்க விழா. அன்றைக்குத்தான் நம் கெம் முதன்முதலாக வெள்ளை அனுமன் வேடம் கட்டி ஆடப்போகிறான். அதைப் பார்த்து ஒரே ஒரு பையனைப் பாங்காக்கின் பெரிய குழுவுக்குப் பொறுக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வருகிறார்கள். ஏழு வயதிலிருந்து என் பிள்ளை இதற்காகக் குட்டிக்கரணம் போடுகிறான், இப்போது பதினாறு ஆகிறது. அந்த ஒரு நாளைத்தான் அவள் அவனிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறாள்.

அவள் வந்து இரண்டு மாதம் ஆகிறது. முப்பது வயதுகூட இருக்காது. ஒரு கை அசைவுகூட ஆடிக் காட்டமாட்டாள். பிள்ளைகளின் உடம்பைத் தயார் செய்வாளாம், அடிபடாமல் ஆடச் சொல்லித் தருவாளாம். அடிபடாமல் இருப்பதற்கு ஆடாமல் இருந்தாலே போதுமே, அதற்கு ஒரு டீச்சர் எதற்கு? வந்த அன்று அவள் பெட்டியைத் திறந்தபோது நான் தற்செயலாக அவள் அறை ஜன்னல் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முழம் முழமாக ரப்பர் பட்டைகள். எனக்குத் திக்கென்றது. இருபத்தாறு வருஷமாக இந்தப் பள்ளியில் வேடம் கட்டிவிடுகிறவள் நான். பட்டனும் இல்லாமல் ஜிப்பும் இல்லாமல், உடையைப் பிள்ளைகளின் மேலேயே வைத்து, முதுகிலும் கையிலும் காலிலும் ஊசி நூலால் தைத்து மூடி, ஆட்டம் முடிந்ததும் வெட்டி எடுக்கிறேன். நூல் இருக்கிற இடத்தில் ரப்பர் வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் லம்யோங் எங்கே போய் உட்காருவது? அன்றைக்கே அவள்மேல் ஒரு கண் வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ரப்பர் உடைக்கு இல்லை, காலில் மாட்டி இழுப்பதற்காம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் கேட்கவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா?

அடுத்தது, பாய். முதல் வகுப்பிலேயே பிள்ளைகளை மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கி நீட்டச் சொன்னாள். எந்தப் பக்கம் நீட்டுவது? கிழக்கே குரு முகமூடிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மேற்கே புத்தர் மாடம். வடக்கே பள்ளியைத் தொடங்கிய அம்மாளின் படம். தெற்கே வாசல், அந்த வாசலில் நாற்காலி போட்டு சலுவாய் வாத்தியார். அரக்கன் வேடத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை, அவரை நோக்கி எந்தப் பிள்ளை பாதத்தைக் காட்டும்? இருபத்திரண்டு பேரும் பாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். வட்டமாகப் படுத்து, தலையை வெளியே வைத்து, பாதத்தை நடுவே நீட்டுங்கள், நடுவில்தான் யாரும் இல்லையே என்றாள். நடுவில் நான் இருந்தேன் அக்கா. காலையில் தொலைந்துபோன ஊசியைத் தேடுவதற்காகக் குனிந்திருந்தேன். (ஊசி என் சட்டையிலேயே குத்தியிருந்தது, அது வேறு விஷயம்.) நிமிர்ந்து பார்த்தால் நாற்பத்து நான்கு உள்ளங்கால்கள் என் முகத்துக்கு நேரே!

"ஐயோ அக்கா! நீங்க எப்ப உள்ள வந்தீங்க?" என்றாள்.

"நான் இருபத்தாறு வருஷமா உள்ளதான் இருக்கேன். நீங்கதான் இப்ப வந்திருக்கீங்க."

பத்துத் தரமாவது கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். அவ்வளவு கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை, குற்றம் உள்ளவள்தானே அப்படிக் கேட்பாள்? சலுவாய் வாத்தியாராவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று திரும்பினேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்! "லம்யோங், அப்படியே நில்லு, தாமரைப் பூவுல வண்டு உக்காந்த மாதிரியே இருக்கு!" இவர் யார் தெரியுமா? பையன்களைத் தூணோடு முதுகு ஒட்ட உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, தன் காலாலேயே அவர்கள் முழங்காலை உதைத்து உதைத்து அகட்டினவர். போன வாரம் பின்மணி ஒரு பந்தை அவர் முதுகுக்கு அடியில் வைத்துக் கொஞ்சம் உருளச் சொன்னாள், அப்படியே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். அன்றிலிருந்து தூணும் இல்லை, உதையும் இல்லை. பந்துக்குள் என்ன வைத்திருக்கிறாளோ.

நோட்டு விஷயத்தைக் கேள். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் அன்றைக்கு உடம்பு எவ்வளவு வலிக்கிறது என்று எழுதவேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வலிக்கிறது என்று எழுதுகிறவன் பெயரை ஆட்டத்திலிருந்து அடிப்பதற்குத்தான் இந்த நோட்டு. அன்று மாலையே பிள்ளைகளைத் தையல் அறைக்குக் கூப்பிட்டு, பனங்கற்கண்டு கொடுத்து, "எல்லாரும் பூஜ்யம் போடுங்க, எது கேட்டாலும் பூஜ்யம்" என்று சொல்லி அனுப்பினேன். கெம்முக்கு வீட்டிலும் தனியாகச் சொன்னேன். மறுநாளிலிருந்து நோட்டு முழுக்க முட்டை முட்டையாக இருந்தது. முந்தின நாள் விரல் நசுங்கி நகம் கறுத்த ஒரு பையனும் பூஜ்யம்தான். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, செத்தவனுக்குக்கூட இவ்வளவு சுகம் கிடையாது. இதுல ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு நூல் கோக்கத்தான் தெரியும்."

"உங்க கழுத்து எவ்வளவு வலிக்குது?"

"பூஜ்யம்," என்றேன். கழுத்தைத் திருப்பாமலேயே சொன்னேன், திருப்ப முடியாது.

அதற்குப் பழிவாங்கத்தான் தண்ணீரைக் கிளப்பினாள் என்று நான் நினைக்கிறேன். அரை மணிக்கு ஒரு தரம் எல்லாரும் தண்ணீர் குடிக்கவேண்டும், இல்லாவிட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்றாள். போன ஞாயிறு முழு வேடத்தில் ஒத்திகை. காலை முழுக்கப் பையன்கள் குடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் பத்துத் தலை அரக்கனைக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை தைத்து முடித்து நூலைப் பல்லால் கடிக்கிறேன், "பெரியம்மா, அவசரம்" என்கிறான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிரித்தேன். அவனைத் திரும்பத் தைத்து முடிப்பதற்குள் இன்னொருவன். அவனைப் பிரிப்பதற்குள் மூன்று குரங்கு வரிசையில் நெளிகிறது. அன்றைக்கு மொத்தம் பதினொரு பேரைப் பிரித்துத் தைத்தேன். போர் தொடங்கியபோது ராமன் பக்கம் ஆளே இல்லை, எல்லாரும் கொல்லைப்புறத்தில் நின்றார்கள். அரக்கனும் போரடித்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான், தையல் மறுபடி பிரிந்துபோயிற்று.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். நேற்று கெம்மை ஒற்றைக் காலில் நிற்கவைத்தாள். வலது காலில் கொக்கு மாதிரி நின்றான். இடது காலில் நின்றபோது கொஞ்சம் தடுமாறினான், தரை வழுக்கியிருக்கும். "ஒரு தரம் குதிச்சு இறங்கு" என்றாள். இறங்கினான், கை ஊன்றி. உடனே நோட்டில் என்னவோ கிறுக்கினாள். வாத்தியாரிடம் போய், கெம் மூன்று வாரம் குதிக்காமல் இருப்பது நல்லது, அனுமனுக்குப் பூன் என்கிற பையனைத் தயார் செய்யலாமா என்று கேட்டாளாம். பூன் யார்? இரண்டாவது குரங்கு. எந்த ஊர்? கோராட். பின்மணி எந்த ஊர்? கோராட்! இரண்டு பேரும் சந்தைமுனையில் ஒரே வண்டியில் சுட்ட வாழைப்பழம் வாங்கியதை நானே பார்த்தேன். ஒருவருக்குப் பின்னால் ஒருவராக வாங்கினார்கள், பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ளாததுதான் எனக்கு இன்னும் சந்தேகம். வீட்டில் கெம்மைக் கேட்டேன், "உனக்கு முழங்கால்ல ஏதாவது இருக்கா?" என்று. "ஒண்ணுமில்லம்மா" என்று மாடிக்குப் போய்விட்டான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினான், களைப்பாக இருந்திருக்கும். ஆகவே அத்தான் தாமதிக்காமல் தலைவரிடம் பேசவேண்டும். என் பெயரைச் சொல்லவேண்டாம், நலம் விரும்பும் ஒருவர் என்று சொன்னால் போதும்.

அத்தானுக்கு என் மரியாதையான வணக்கம். உன் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, யாருக்கும் கைகட்டாமல் வாழ என் ஆசிகள். உன் பக்கத்து வீட்டுக்காரி என்னை விசாரித்தால் விசாரித்ததாகச் சொல், ஏன் விசாரித்தாள் என்றும் கேட்டு எழுது.

உன் அன்புத் தங்கை,
லம்யோங்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை சாயங்காலம். தபால்தலை கிடைக்காமல் கடிதம் என் பையிலேயே இருந்தது, நல்லதாகப் போயிற்று. அத்தானிடம் ஒன்றும் சொல்லாதே. கணவாய் வந்து சேர்ந்தது என்பதைத் தவிர மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

இன்று மதியம் பள்ளித் தையல் அறையில் கெம்முக்கு அனுமன் உடையைப் போட்டுத் தைத்துப் பார்த்தேன். போன மாதம் நானே அளவெடுத்தது. வலது கால் கச்சிதம். இடது காலில் முழங்கால் கிட்டே இரண்டு விரல் அளவு துணி சேரவில்லை. முதலில் துணியைச் சந்தேகப்பட்டேன், பிறகு சலவைக்காரியை, பிறகு யாரோ என் அளவு நாடாவை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதே நாடாதான் வலது காலுக்கும். துணியை இழுத்துக் கட்டைவிரலால் முட்டியை அழுத்தினேன். சுடுதண்ணீர்ப் பை மாதிரி அமுங்கியது. பிள்ளை கீழுதட்டைக் கடித்துக்கொண்டான்.

"வலிக்குதாடா?"

"இல்லம்மா."

"எவ்வளவு?"

"பூஜ்யம்," என்றான். கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. "நீதானம்மா சொன்னே."

நூல் தீர்ந்துவிட்டது, எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன். பின்மணி டீச்சர் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எட்டு டீச்சர். எழுதிக்கோங்க. இல்ல, ஒன்பது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றேன். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிப்போனார். முட்டிக்குள் நீர் கோத்து உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறதாம். அடுத்த சனிக்கிழமை இந்தக் காலோடு குதித்திருந்தால் அப்புறம் வாழ்நாள் முழுக்கக் குந்தி உட்காரவே முடியாமல் போயிருக்குமாம். மூன்று மாதம் ஓய்வு, பிறகு அந்த ரப்பர் பட்டைதான் மருந்து. பாங்காக் ஆட்கள் அடுத்த வருஷமும் வரலாம், வராமலும் போகலாம். அனுமன் பூனுக்குப் போய்விட்டது. அவனையும் நான்தான் தைக்கவேண்டும், ஒழுங்காகவே தைப்பேன்.

கெம் இப்போது காலை நீட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், நான் ஐஸ் வைத்துக்கொண்டிருக்கிறேன். யார் போட்டுக்கொடுத்தது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டானாம். பின்மணி டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாராம். பூன் வேடத்துக்காகச் சொல்லியிருப்பானாம். சலுவாய் வாத்தியார் பந்து வாங்கிக்கொண்டு ஆள் மாறிவிட்டாராம். சலவைக்காரியைக்கூட விடவில்லை. என் வயிற்றில் பிறந்தவன்தான், அதில் சந்தேகமே இல்லை.

"நீ ஒருத்திதாம்மா என் பக்கம்," என்றான் இப்போது. எல்லாரையும் சந்தேகப்படுகிறான் அக்கா, என்னைத் தவிர.