பூதத்தின் மேல் படாத கோடரி

ஒன்று கொடுத்தால் இரண்டு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், யோசிக்காமல் கையை நீட்டுகிற ஆள் நான். துணிக்கடைத் தள்ளுபடியில் ஏமாந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். பகடை விளையாட்டில் ஏமாந்தவன் நான் ஒருத்தன்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து வேலைக்கு வந்து ஈஜிபுராவில் அறை எடுத்திருந்தேன். ஞாயிறு மதியம் ஆபீஸ் நண்பர்கள் அங்கே கூடுவோம். ஆளுக்கொரு வீரன், மந்திரவாதி என்று தாளில் எழுதிக்கொண்டு, கிஷோர் சொல்லும் கதைக்குள் புகுந்து, இருபது முகப் பகடையை உருட்டிப் பூதங்களோடு சண்டை போடுவோம். (இருபத்தைந்து வயது எருமைகள்! ஊரில், வீட்டில் ஞாயிறும் 'ஓவர்டைம்' என்று சொல்லி வைத்திருந்தேன்.)

என் வீரனுக்கு இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய கோடரி. பகடையில் பெரிய எண் விழுந்தால்தான் அடி படும். ஆனால் கோடரிக்கு ஒரு விதி உண்டு. பகடையில் விழும் எண்ணில் கொஞ்சம் கழித்துக்கொள்ள முன்கூட்டியே சம்மதித்தால், கழித்ததைப் போல இரண்டு மடங்கு அடியின் பலத்தில் கூடும். குறி தப்ப வாய்ப்பு அதிகம். பட்டால் எதிரி சட்னி. எவ்வளவு கழிப்பது என்பது நம் இஷ்டம். நான் எப்போதும் உச்சவரம்புதான். என் கோடரி கிளப்பிய காற்றில் ஈஜிபுரா முழுக்கத் துணி காயப் போட்டிருக்கலாம்.

எனக்கு எதிரே ரேவதி உட்காருவாள். பக்கத்து அடுகோடியிலேயே பிறந்து வளர்ந்து, நடுநடுவே கன்னடம் கலந்து பேசும் தமிழ்ப் பெண், எங்கள் ஆபீஸ்தான். விளையாட்டில் அவள் ஒரு வைத்தியச்சி. அந்த வைத்தியச்சியை இரண்டு வருஷமாகச் சாகவிடாமல் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் அவ்வளவு பெரிய கோடரியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

அந்த ஞாயிறு ஒரு பூதம் வைத்தியச்சியைக் கைக்குள் பிடித்துவிட்டது. அடுத்து அது விரலை மடக்கினால் அவள் கதை முடிந்தது. நடுவில் என் அடி மட்டும்தான் பாக்கி.

"குரு, பூதம் ஆல்ரெடி தள்ளாடுது. லேசா பட்டாலே போதும்" என்று கிஷோர் கோடி காட்டினான்.

"கேட்டுச்சா? சும்மா அடி. ஹீரோ வேலையெல்லாம் பேடா" என்றாள் ரேவதி.

கேட்டேனா? முழுசாகக் கழித்தேன். பகடையை ஊதி, கண்ணில் ஒற்றி, உருட்டினேன். பதினான்கு!

கிஷோர் தலையில் கை வைத்தான். "கழிக்காம இருந்தா பட்டிருக்கும்டா."

பூதம் விரலை மடக்கியது. ரேவதி தன் தாளைத் திருப்பி வைத்தாள். கண் கலங்கியிருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போச்சு, இனி ஆபீசிலும் பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

"மன்னிச்சுடு ரேவதி."

"உன் மூஞ்சி! எனக்கு ஆடறதுக்கு ஆளில்லாம பண்ணிட்டே. தள்ளி உக்காரு." நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். "இனிமே இந்தக் கோடரிக்கு நான் சொல்றதுதான் கணக்கு. எவ்ளோ கழிக்கப் போறே?"

"ஒரு மூணு?"

"ஒண்ணும் வேணாம். அடி."

அடித்தேன். பட்டது. பூதம் சாய்ந்தது. என் கோடரி சாய்த்த முதல் பூதம் அதுதான் என்று கிஷோர் இன்றும் சத்தியம் செய்கிறான்.

அடுத்த ஞாயிறும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். புது ஆளை உருவாக்கிக்கொள் என்று கிஷோர் கெஞ்சியும் மசியவில்லை. சில மாதம் கழித்து அடுகோடி பஸ் ஸ்டாப்பில், ஒத்திகை பார்த்த வசனத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று மட்டும் கேட்டேன்.

"பரவால்லியே, சும்மா அடிக்கக் கத்துக்கிட்டே" என்றாள்.

இப்போது வீட்டில் நான் சுத்தியலைத் தொட்டாலே, "அம்மா, அப்பா கழிக்கப் போறாரு!" என்று என் மகள் கத்துகிறாள். யார் வந்தாலும் வைத்தியச்சி செத்த கதையை ரேவதி சொல்லாமல் அனுப்புவதில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே அந்தப் பூதத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போடுவேன். அன்றைக்கு அந்த அடி மட்டும் பட்டிருந்தால், அவள் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள்.