கள் நீக்கிய முகக்கவசம்

“அண்ணி, இது நன்றியா, சாபமா?” என்று கேட்டாள் நாத்தனார்.

பிழைதிருத்துநர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். தையல் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய மஞ்சள் முகக்கவசம் நாத்தனாரின் முகத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அதன்மீது கரும்பச்சை எழுத்தில், ஐயத்துக்குச் சற்றும் இடமின்றி, ‘உயிர் தீர்’ என்று அச்சாகியிருந்தது.

“‘உயிர் காத்தீர்’னுதானே கொடுத்தேன்? ‘காத்’ எங்கே?”

நாத்தனார் முகக்கவசத்தைக் கழற்றி உட்புறமாகத் திருப்பினாள். மூக்கிலிருந்து முகவாய்வரை இரண்டு துண்டுகளையும் இணைக்கும் நடுத்தையலின் ஓரத்தில், ‘காத்’ பத்திரமாக மடங்கிக் கிடந்தது.

“தையல் முழுங்கிடுச்சு, அண்ணி.”

அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் பதிப்பகம் ஒன்றில் பிறர் பிழைகளைப் பிடித்தே சம்பளம் வாங்கியவர் அவர். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்து உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வாழ்நாளில் முதன்முறையாகத் தாமே அச்சிடக் கொடுத்த வாசகம் இது.

வாசகம் சிறியதுதான், நன்றி பெரிது. பத்தொன்பது நாள் காய்ச்சல் வார்டில் கிடந்த அவருடைய கணவரை மீட்டுக்கொடுத்தவர் ஒரு செவிலியர். அவர் முகத்தை யாரும் கண்டதில்லை. மஞ்சள் துணியில் பச்சைக் கிளி அச்சிட்ட முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள், அவ்வளவுதான். மாலைதோறும் வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மாள் நிற்பார். உள்ளேயிருந்து அந்தக் கிளி கட்டைவிரலை உயர்த்திக் காட்டும். அதைக் கண்ட பிறகுதான் அன்றைய சோறு அவருக்குத் தொண்டையில் இறங்கும். கிளியைத் தவிர வேறெதையும் கவனிக்க அவருக்குத் தோன்றியதில்லை.

இன்று மாலை ஐந்து மணிக்கு அந்த வார்டை மூடப்போகிறார்கள். நாளை யார் எந்த ஊரில் வேலை பார்ப்பார்களோ, யாருக்குத் தெரியும்? அதற்குள் கிழமைக்கு ஒன்றாக ஏழு முகக்கவசங்களைக் கிளியின் கையில் சேர்த்து, முகத்துக்கு நேரே நன்றி சொல்லியாக வேண்டும். இப்போது மணி பத்து.

“எல்லாம் அந்த அச்சுக்கடைக்காரரால வந்தது” என்றார் அம்மாள்.

அது நியாயமில்லை. துணியில் அச்சடிக்கும் அந்தக் கடைக்காரர், ‘உயிர் காத்தீர்கள்’ என்றுதான் முதலில் மாதிரி காட்டினார்.

“இந்தக் ‘கள்’ எதுக்கு?” என்று கேட்டிருந்தார் அம்மாள்.

“மரியாதைக்கு இருக்கட்டுமேன்னு போட்டேம்மா.”

“மரியாதை ‘ஈர்’லயே வந்தாச்சு. ‘கள்’ பல பேருக்கு. நான் நன்றி சொல்லப்போறது ஒரே ஒருத்தருக்கு. எடுத்துடுங்க.”

“சரிம்மா, இன்னையோட கள்ளை விட்டுட்டேன்” என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டதில், கடையிலிருந்தவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கள் நீங்கியதும் வாசகம் குறுகி, தையல் விழும் இடத்தில் தன் நெஞ்சைக் கொடுத்துவிட்டது.

“பிரிச்சு, தையலை ஒட்டினாப்பல போட்டுடறேன்” என்றாள் நாத்தனார்.

பிரித்தாள், ஒட்டித் தைத்தாள். ‘கா’ வெளியே வந்தது. ‘த்’ உள்ளேயே தங்கிவிட்டது.

“‘உயிர் காதீர்!’” என்று படித்தார் அம்மாள். “ஐயோ, ஒற்றுப் பிழை!”

“முன்னே இருந்ததுக்கு இது தேவலாம் அண்ணி. ஆளைக் கொல்லலையே!”

“அது சாபமா இருந்தாலும் இலக்கணம் சரியா இருந்தது!”

சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் இருந்த கணவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அந்த இருமலைக் கேட்டதும் அம்மாளுக்குக் கோபம் போய்விட்டது. ஒரு மாதத்துக்கு முன் இதே நாற்காலி காலியாக இருந்தது. எழுந்துபோய்க் கணவரின் போர்வையை இழுத்துவிட்டு வந்தார்.

அடுத்த யோசனை அம்மாளுடையது. நடுத்தையலே இல்லாத, குறுக்கே மூன்று மடிப்பு வைத்த முகக்கவசம். கடைக்காரரே இரக்கப்பட்டு, மேல்வரியில் ‘உயிர்’ என்றும் கீழ்வரியில் ‘காத்தீர்’ என்றும் புதுத்துணியில் அடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மணி ஒன்று.

நாத்தனார் மடித்துத் தைத்து, மாட்டிக்கொண்டு திரும்பினாள். ‘காத்தீர்’ மட்டும் தெரிந்தது.

“‘உயிர்’ எங்கேடி?”

“இங்கேதானே இருந்துச்சு!” என்று அவள் வாயைத் திறந்ததும் மடிப்பு விரிந்து ‘உயிர்’ எட்டிப் பார்த்தது. வாயை மூடியதும் மறைந்தது.

“அடடா!” என்றார் கடைக்காரர். “வாயைத் திறந்தா உயிர் வருது, மூடினா உயிர் போகுதே!”

“அந்தச் செவிலியர் அம்மா நாள் முழுக்கப் பேசிக்கிட்டேயா இருப்பாங்க?” என்று அம்மாள் கணவரிடம் கேட்டார்.

“யாருக்குத் தெரியும்? அவங்க ஒரு தினுசு. ராத்திரி, பகல் எப்போ கண்ணு முழிச்சாலும் அவங்கதான். தூங்கவே மாட்டாங்க. ஒருநாள் நெட்டையா இருப்பாங்க, மறுநாள் குட்டையா இருப்பாங்க. ஒருநாள் ஆம்பளைக் குரல்ல பாட்டுகூடப் பாடினாங்க.”

“காய்ச்சல் வேகம்” என்றார் அம்மாள்.

“எல்லாமே காய்ச்சல்தான். ஆனா அந்தக் கிளியைப் பார்த்தா பயம் போயிடும். அது மட்டும் நிஜம்.”

அம்மாள் இல்லாத தூசியைக் கண்ணாடியிலிருந்து துடைத்தார். கணவர்தான் மறுபடி வாயைத் திறந்தார்.

“ஏம்மா, மனுஷனுக்குக் கன்னம் ரெண்டு இருக்கே. கன்னத்துக்கொரு சொல்லாப் போட்டா என்ன?”

மூவரும் அவரைப் பார்த்தார்கள். வலக்கன்னத்தில் ‘உயிர்’, இடக்கன்னத்தில் ‘காத்தீர்’. நடுத்தையல் இரண்டு சொற்களுக்கும் இடையிலான இடைவெளியாகவே ஆகிவிடும்!

கடைக்காரர் ஓடினார், அச்சடித்துக்கொண்டு ஓடிவந்தார். நாத்தனார் மிதித்த மிதியில் தையல் இயந்திரம் மேசையோடு நகர்ந்தது. நாலே முக்காலுக்கு ஏழு முகக்கவசங்களும் பெட்டிக்குள் அடுக்கப்பட்டன. அம்மாள் ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். ஒரு பிழையும் இல்லை.

வார்டு வாசலை அடைந்தபோது மணி ஐந்தடிக்க மூன்று நிமிடம். கட்டில்கள் காலி. துப்புரவுப் பணியாளரான பெண் ஒருத்தி மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கிளி மாஸ்க் போட்ட நர்ஸம்மா போயிட்டாங்களா?” அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “பதினாலாம் நம்பர் கட்டில்ல இருந்தவர் என் வீட்டுக்காரர். அவங்களை நான் பார்த்தே ஆகணும். எனக்கு அவரைத் திருப்பிக் கொடுத்தவங்க.”

“பதினாலாம் நம்பரா? எழுந்து நடக்கிறாரா?”

“நடக்கிறார். யோசனைகூடச் சொல்றார்.”

அந்தப் பெண்ணின் கண்கள் மலர்ந்தன. துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து, “உயிர்… காத்தீர்” என்று மெல்லப் படித்தாள். மறுபடியும் ஒருமுறை படித்தாள். பிறகு தன் மேலங்கிப் பையிலிருந்து துவைத்து மடித்த மஞ்சள் துணி ஒன்றை எடுத்து விரித்தாள். அதில் பச்சைக் கிளி இருந்தது.

“ரொம்ப அழகா இருக்கும்மா, ஆனா ஒரு ‘கள்’ விட்டுப்போச்சே: கிளி வந்தாத்தான் மாத்திரை போடுவேன்னு அவர் அடம் பிடிச்சதுல, இந்த வார்டுல வேலை பார்த்த நாங்க பதினோரு பேருமே கிளி ஆயிட்டோம்!”