மூன்று கம்ப்யூட்டர், ஒரே ரஸ்க்

இனிமேல் எனக்கு யாரும் எதையும் வாசித்துக் காட்ட வேண்டாம் என்று வீட்டில் அறிவித்தேன்.

வீட்டில் இருப்பது ஒரே ஆள், என் மனைவி. "சரிங்க" என்றாள். அத்தனை சீக்கிரம் அவள் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். சர்க்கரை வியாதி என் இரண்டு கண்களையும் கொண்டுபோய் நாலு வருஷமாகிறது. இப்போது வலது கால் கட்டைவிரலில் ஒரு புண். "ரெண்டு மாசம் பார்ப்பேன். ஆறலைன்னா விரலை எடுத்துடுவேன்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் இனிப்பு என்ற சொல்லுக்கே தடை. நான் ஆசைப்பட்டது வாரத்துக்குக் கால் கிலோ கேக். விரலுக்கு முன்னால் நாக்கு செத்துவிடும் போலிருந்தது.

பேக்கரிக்காரரிடம் போனில் சொன்னால் அவள் காதில் விழும். ஆகவே கம்ப்யூட்டர்.

கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு டெலிபோன்காரர். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதையெல்லாம் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"வேகத்தைக் கூட்டிப் பழகுங்க சார். நம்ம வேகத்துல ஓடவிட்டா மத்தவங்களுக்கு ஒரு எழுத்து புரியாது. டப்பாவுல ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும்."

எனக்கு வேண்டியது அதுதான். மூன்று வாரம் ராப்பகலாகப் பழகினேன். ஹெட்போன் மாட்டவில்லை. மாட்டினால் இவள் வரும் காலடிச் சத்தம் கேட்காது.

இவள் கோர்ட்டில் முப்பது வருஷம் சுருக்கெழுத்து எழுதியவள். இப்போது சமையலறை மேஜைதான் ஆபீஸ்.

"என்னங்க அது, தகரத்துல மழை பெய்யிற மாதிரி?"

"செய்தி."

"என்ன செய்தியாம்?"

"உலகச் செய்தி. உனக்குப் புரியாது."

"அதுவும் சரிதான்" என்றாள். பென்சில் சீவும் சத்தம் கேட்டது.

"என்ன பண்றே?"

"வாங்க வேண்டிய சாமானை எழுதறேன்."

முதல் வாரம் விண்டோஸ். டெலிபோன்காரர் அதில் ஏற்றிக் கொடுத்த வாசிப்பான் இலவசம். பார்வை இல்லாதவர்களே முன்னின்று செய்ததாம். யாரோ முகம் தெரியாதவர்கள், எனக்காக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். பேக்கரிக்கு மின்னஞ்சல் அடித்தேன். இவள் லைப்ரரிக்குப் போகும் பதினோரு மணிக்குப் பொட்டலம் வந்தது. ஆவலாகக் கடித்தேன்.

ரஸ்க். சர்க்கரை போடாதது.

'கேக் எங்கே?' என்று எழுதினேன். 'ஆர்டர்படிதான் அனுப்பினோம் சார்' என்று பதில்.

சந்தேகம் கம்ப்யூட்டர் மேல் திரும்பியது. நான் ஒன்று அடிக்க, அது ஒன்று அனுப்புகிறது.

இரண்டாம் வாரம் மகளிடம் மேக் கடன் வாங்கினேன். வெளியிலிருந்து எதையும் ஏற்ற வேண்டாம். வாசிப்பான் கூடவே வருகிறது. குரல் மரியாதையான குரல். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று விசையை அமுக்கச் சொல்லி விரல்களுக்கு முடிச்சுப் போட்டது. ஒரு பெரிய வசதி: திரையையே கறுப்பாக்கிவிடலாம். இவள் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அந்த அறையில் இரண்டு பேரும் சமம்.

பதினோரு மணி. ரஸ்க்.

மூன்றாம் வாரம் லினக்ஸ். டெலிபோன்காரரின் பழைய பெட்டி. வாசிப்பான் மட்டுமல்ல, இயங்குதளமே இலவசம். குரல் இரும்புக்கடையில் பிறந்த குரல். வேகத்தில் மட்டும் அசைக்க முடியாது.

ரஸ்க்.

"விண்டோஸோ, மேக்கோ, லினக்ஸோ, எதுவா இருந்தாலும் நீங்க அடிச்சதைத்தான் சார் அனுப்பும்" என்றார் டெலிபோன்காரர்.

"அப்புறம் எப்படி மாறுது?"

"நீங்க என்ன அடிச்சீங்க?"

"செய்தி" என்றேன்.

நானே சோதித்துவிட முடிவு செய்தேன். மனதில் தோன்றியதை அடித்து, மூன்றிலும் திருப்பி வாசிக்க விட்டேன். மூன்றும் ஓர் எழுத்து மாற்றாமல் சொல்லின. குற்றம் கம்ப்யூட்டரில் இல்லை. வேறெங்கே என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குள் டாக்டர் கொடுத்த கெடு வந்தது. அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிடுச்சு. சர்க்கரையும் இறங்கியிருக்கு. அப்படி என்ன சாப்பிட்டீங்க?"

"ரஸ்க் டாக்டர்" என்றாள் இவள்.

ரஸ்க் வந்ததெல்லாம் இவள் வீட்டில் இல்லாத பதினோரு மணிக்கு.

வீட்டுக்கு வந்ததும், 'சாமான்' எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். கோர்ட்டில் வாசிக்கும் அதே குரல்.

"பன்னெண்டாம் தேதி, காலை பத்து நாற்பது. 'கால் கிலோ கேக். மேலே கிரீம் தாராளமாக. என் மனைவிக்குத் தெரியக் கூடாது.'"

"உனக்கு... அந்த வேகத்துல எப்படி?"

"முப்பது வருஷம் வக்கீலுங்க பேச்சை எழுதியிருக்கேங்க. உங்க மெஷினாவது கமா வந்தா நிக்குது. உடனே கொல்லைப்பக்கம் போய் பேக்கரிக்குப் போன் பண்ணி மாத்திடுவேன்."

"மூணு கம்ப்யூட்டர்லயும் புரிஞ்சுதா?"

"மேக்தான் தெளிவு. லினக்ஸ்ல கொஞ்சம் கை வலிச்சுது."

பக்கம் புரண்டது. அடுத்ததை மட்டும் மெதுவாக வாசித்தாள்.

"இருபத்தாறாம் தேதி. 'இவள் இல்லாவிட்டால் நான் மூலையில் கிடக்கும் நாற்காலி. நாலு வருஷம் அலுக்காமல் பேப்பர் வாசித்தாள். ஒரு நன்றி சொன்னதில்லை. சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள்.'"

சோதனைக்காக அடித்தது அதுதான்.

"அதை அழிச்சிடு."

"பதிவானதை அழிக்க முடியாதுங்க. கையெழுத்துப் போடுங்க." பேனாவைக் கையில் கொடுத்து, விரலைக் காகிதத்தில் இடம் பார்த்து வைத்தாள்.

போட்டேன். மனசார. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, "ரொம்ப நன்றிம்மா" என்றும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். நானும்தான்.

மறுநாள் காலை பேக்கரியிலிருந்து மின்னஞ்சல். முழு வேகத்தில் ஓடவிட்டேன்.

'நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதன்படி வாரம் ஒரு பாக்கெட் சர்க்கரை இல்லாத ரஸ்க், ஒரு வருஷத்துக்கு...'

அது வாசித்து முடிப்பதற்குள் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.